உளியா, மெசினா? படுவான்கரையில் ஒரு நாள்

மட்டக்களப்பு என்றதும் வெளியூரார் வாவியையும் பாடும் மீனையும் பற்றித்தான் கேட்பார்கள். எமக்கோ வாவி முதலில் ஒரு எல்லை. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த நீர்ப்பரப்பு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. சூரியன் எழுகின்ற கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. சூரியன் படுகின்ற கரை. பட்டணமும் கடைகளும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில். நெல்லும் எருமைத் தயிரும் விறகும் மரமும் படுவான்கரையில். யுத்த காலத்தில் இந்தப் பிரிவு இன்னும் இறுகியது. அக்கரைக்குப் போனவர் இக்கரைக்குத் திரும்புவாரா என்று காத்திருந்த இரவுகளை இதை வாசிக்கும் பலரும் அறிவீர்கள்.

படுவான்கரைக் கிராமம் ஒன்றின் மாதர் குழுவைச் சேர்ந்த ஐந்து பெண்கள் மரச்செதுக்கு வேலையில் அடிப்படைப் பயிற்சியை முடித்திருந்தார்கள். மூவர் குடும்பத்தைத் தனியே சுமப்பவர்கள். தொழிலைத் தொடங்கும் நேரத்தில் அவர்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. கடன் எடுத்தாவது ரூட்டர் மெசினும் கிரைண்டரும் வாங்கினால்தான் பிழைக்கலாம் என்றார்கள் இருவர். உளியும் கொட்டாப்புளியும் போதும் என்றார்கள் மற்ற இருவர். ஐந்தாவது சகோதரி ஒன்றும் பேசவில்லை. வாயால் பேசித் தீராத விடயம் இது என்பதால், மரவேலை நடக்கும் இடங்களை ஒரு நாள் முழுவதும் நேரில் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

மெசின் ஓடும் பட்டறை

அவர்கள் காலையில் பாலத்தால் இக்கரைக்கு வந்தார்கள். நான் பட்டணத்திலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து கல்முனை வீதி பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டேன். வீதியோரத்தில் கதவும் கட்டிலும் செய்யும் பட்டறை ஒன்றுக்கு முதலில் போனோம்.

உள்ளே கணினியால் இயங்கும் செதுக்கு மெசின் ஒன்று நின்றது. பூவின் படத்தைக் கணினியில் கொடுத்தால், சுழலும் முனை பலகையின் மேல் ஊர்ந்து ஊர்ந்து அதே பூவைத் தோண்டிவிடுகிறது. ஒரு கதவில் வந்த பூ, ஒரு இதழ்கூட மாறாமல் அடுத்த கதவிலும் வருகிறது. எங்கள் சகோதரி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: “இதோட நாம போட்டி போட ஏலாதுகா.”

அது உண்மைதான். ஆனால், பட்டறையின் மூலையில் ஒரு இளைஞன் கையில் சிறு உளியுடன் அதே கதவின் பூவைத் திருத்திக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டோம். மெசினின் முனை வட்டமாகச் சுழல்வதால் உள்மூலைகள் எப்போதும் வளைவாகவே நிற்கும். கூரான மூலை வேண்டுமென்றால் உளிதான் போக வேண்டும். மேலிருந்து கீழாக மட்டும் வெட்டும் மெசினால் இதழின் அடிப்பக்கத்தைக் குடைந்து தூக்கலாகக் காட்டவும் முடியாது. அதையும் கைதான் செய்கிறது. பெரிய பணம் கொடுத்து வாங்கிய மெசினுக்கும் கடைசியில் ஒரு உளிக்காரன் தேவைப்படுகிறான். இதை ஐவரும் கவனித்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்தோம். பேண்ட்சோ என்கிற பட்டைவாள் மெசினில், கையால் வெட்டினால் அரை நாள் பிடிக்கும் கட்டையைச் சில நிமிடங்களில் வெட்டி எடுத்தார்கள். வெளியார் மரத்தையும் கூலிக்கு வெட்டித் தருவீர்களா என்று கேட்டேன். “கொண்டு வாங்க, வெட்டித் தாறம்” என்றார் முதலாளி. கழிவாக ஒதுக்கிய துண்டுப் பலகைகளையும் பற்றுச்சீட்டுடன் விலைக்குத் தரச் சம்மதித்தார். முதிரை, தேக்கு போன்ற மரங்களைக் கொண்டுசெல்ல அனுமதிப்பத்திரம் தேவைப்படும் நாடு இது. மரம் எங்கிருந்து வந்தது என்பதற்குக் கையில் ஒரு துண்டு இருப்பது சிறு தொழில் செய்யும் பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு.

பட்டறையை விட்டு வெளியே வந்த பின்னும் காது சிறிது நேரம் இரைந்தது. தூசு தலைமுடியெல்லாம் படிந்திருந்தது. இவை சாதாரணமாகக் கடந்துவிடக்கூடிய விடயங்கள் அல்ல. எட்டு மணித்தியாலம் வேலை செய்யும் இடத்தில் சத்தம் 85 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது தொழிற்சுகாதாரத்தில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் ஒரு மணித்தியாலம் மட்டுமே. கிரைண்டரும் ரூட்டரும் அந்த அளவை எளிதில் எட்டிவிடும். மரத்தூசு மூக்கினுள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இலேயே வகைப்படுத்தியது. எமது பகுதியில் மதிப்பாகப் பேசப்படும் முதிரையின் தூசு சிலருக்குத் தோலில் அரிப்பையும் புண்ணையும் கொண்டுவரும். உளி, மரத்தைச் சீவலாக எடுக்கிறது. மெசின் அதை மாவாக்கிக் காற்றில் விடுகிறது. ஒரே அறையில் சமைத்து, பிள்ளையை உறங்கவைத்து, தொழிலும் செய்யும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது.

பாலத்தைக் கடந்து

காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டி மண்முனைக்கு வந்தோம். 2014 வரை இங்கே பாலம் இல்லை. ‘பாதை’ என்று நாம் சொல்லும் மிதவையில்தான் ஆட்களும் சைக்கிள்களும் நெல் மூட்டைகளும் கடந்தன. ஜப்பான் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்ட பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இன்று சில நிமிடங்களில் அக்கரை. பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் கண்ணாப் பற்றைகளும், வலை வீசும் தோணிகளும் தெரியும். முன்னர் மரத்தைக் குடைந்து செய்த தோணிகள் ஓடிய வாவியில் இப்போது பைபர் தோணிகளே அதிகம். கையால் செய்த ஒன்று மெல்ல மறைவதை எம் கண்முன்னே கண்டிருக்கிறோம்.

அக்கரையில் மகிழடித்தீவு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இங்கே நடந்த படுகொலைகளைச் சொல்லாமல் இந்த வீதியால் போக முடியாது. எங்களுடன் வந்த ஒரு அக்கா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். நாங்களும் பேசவில்லை.

அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயம். கொக்கட்டி மரத்தடியில் லிங்கம் தானாகத் தோன்றியது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. மரத்தின் பெயரையே ஊரும் தாங்கி நிற்கிறது. கல் நந்தி புல் தின்ற கதையைப் பிள்ளைகளும் சொல்வார்கள். ‘தேரோடும் கோயில்’ என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. திருவிழாக் காலத்தில் எழுவான்கரையிலிருந்தும் சனம் திரண்டு வந்து வடம் பிடிக்கும்.

நாங்கள் போனது தேரோட்டம் இல்லாத நாள். அதனால் தேர்ச் சிற்பம் என்பதை அவசரமில்லாமல் பேச முடிந்தது. யாளி, அன்னம், தாமரை, கொடிக்கருக்கு என்று தேரில் வருபவை எல்லாம் ஒரு இலக்கணத்துக்குள் செய்யப்படுபவை. ஆனாலும் கையால் செய்த இரண்டு யாளிகளை அருகருகே வைத்தால், இரண்டின் முகமும் ஒன்றாக இருப்பதில்லை. கம்பளைக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்த கண்டிக்கு அருகேயுள்ள எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களும் அப்படித்தான். மல்லர்கள், நடனமாதர், இரட்டைத்தலைக் கழுகு, பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் என நூற்றுக்கணக்கான செதுக்கல்கள் அங்கே உண்டு. அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் உலகத்தார் வந்து பார்ப்பது அந்தக் கைகளின் வேலையைத்தான்.

“இதெல்லாம் ஆம்புளையள் செய்த வேலைதானே” என்று ஒரு சகோதரி கேட்டார். ஆம், தேர் வேலையும் கோயில் வேலையும் ஆசாரிமாரின் பரம்பரைக்குள்ளேயே, ஆண்களின் கையிலேயே இருந்து வந்தவை. அதனாலேயே எமக்குத் தொடங்க வேறொரு இடம் தேவைப்படுகிறது. அந்த இடத்தை நாங்கள் கண்டது கோயிலில் அல்ல, ஒரு வீட்டு முற்றத்தில்.

மாமரத்தின் கீழ் ஒரு பட்டறை

பெண்களின் கிராமத்துக்குப் பக்கத்தில் வயதான ஓடாவியார் ஒருவர் இருக்கிறார். மாமர நிழலில் ஒரு கட்டை, ஒரு பாய், பத்துப் பன்னிரண்டு உளிகள். அவருடைய பட்டறை அவ்வளவுதான். தயிர் கடையும் மத்து, அகப்பைக் காம்பு, இடியப்ப உரல், பலகாரம் அச்சடிக்கும் கட்டை இவைதான் அவருடைய வேலை. எருமைத் தயிருக்குப் பேர்போன பகுதியில் மத்துக்கு எப்போதும் ஆள் உண்டு.

“உளி கூராயிரிந்தா நீ தள்ளத் தேவல்ல புள்ள, அது தானாப் போகும்” என்று சொல்லி, தீட்டுக்கல்லில் தண்ணீர் விட்டு உளியைத் தீட்டிக் காட்டினார். மரத்தின் நார் ஓடும் திசையைப் பார்த்து வெட்ட வேண்டும், எதிர்த்து வெட்டினால் பிய்ந்துவிடும். பிடிக்கும் கை ஒருபோதும் உளியின் வாய்க்கு முன்னால் இருக்கக்கூடாது. பச்சை மரத்தில் செய்த வேலை காய்ந்ததும் வெடிக்கும். ஒரு அங்குலப் பலகை நிழலில் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மாரியில் வாவிக் காற்றின் ஈரம் மரத்துக்குள் ஏறும் என்பதால் நிலத்தில் படாமல் அடுக்கிவைக்க வேண்டும். கற்கத் தொடங்குபவர்கள் முதிரையில் கைவைக்காமல், மலைவேம்பு போன்ற மென்மையான மரத்தில் பழக வேண்டும். அம்பலாங்கொடையில் முகமூடி செய்பவர்கள்கூட மெல்லிய கதுறு மரத்தைத்தான் எடுக்கிறார்கள்.

அவர் மெசினுக்கு எதிரி அல்லர். மத்தின் தண்டை உருட்டிக் கடைவதற்கு இக்கரையில் மோட்டர் பூட்டிய கடைசல் பட்டறைக்குக் கொடுத்துவிடுகிறார். “வயசில ஒரு பொடியன் கயிறிழுக்க, நான் கடைஞ்சன். இப்ப பொடியனும் இல்ல, எனக்குத் தெம்பும் இல்ல” என்றார்.

இந்தியாவில் கர்நாடகத்தின் சென்னபட்டணத்து மர விளையாட்டுப் பொருட்களின் கதையும் இதுதான். முன்பு வில்லையும் கயிற்றையும் இழுத்துச் சுழற்றிய கடைசலை இப்போது மின்மோட்டர் சுழற்றுகிறது. பெண்களும் அந்த மெசின்களின் முன் இருந்து வேலை செய்கிறார்கள். ஆனால் உருவத்தைக் கொண்டுவரும் உளி இன்னும் கையில்தான். சுழலும் மரத்தில் நிற அரக்கை அழுத்தி, உராய்வுச் சூட்டில் உருகப் பூசுவதும் கைதான். மினுக்கம் கொடுப்பது தாழை மடல். சுழற்றும் பாரத்தை மெசினிடம் கொடுத்துவிட்டு, தீர்மானிக்கும் வேலையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

தோளில் செல் துண்டு உள்ளவர்

அதுவரை பேசாதிருந்த ஐந்தாவது சகோதரி இப்போதுதான் வாய் திறந்தார். அவருடைய வலது தோளில் செல் துண்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. கொட்டாப்புளியால் ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு அடியும் தோளில் போய் நிற்கிறது. பயிற்சிக் காலத்தில் அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. “உளிதான் நல்லம் எண்டு நீங்க எல்லாரும் சொன்னா, எனக்கு இந்தத் தொழில் இல்லை எண்டு அர்த்தம்” என்றார்.

நாங்கள் எல்லோரும் அமைதியானோம். கைவேலையின் பெருமையைப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் விடயம் இது. யுத்தம் எமது பெண்களின் உடல்களில் எழுதிவிட்டுப் போனவை ஏராளம். விரல் இழந்தவர், கை மடங்காதவர், ஒரு கண்ணால் பார்ப்பவர் என்று பலர். அவர்களுக்கு மெசின் என்பது ஆடம்பரம் அல்ல, இழந்த கைக்கு ஈடு.

அவருக்குப் பொருந்தக்கூடியது பேனை போலப் பிடிக்கும் சிறிய சுழல் மெசின். அடி இல்லை, பாரமும் குறைவு. அதிர்வு விரல்களை மரக்கச் செய்யும் என்பதால் இடையிடையே கட்டாயம் ஓய்வு வேண்டும்.

மெசின் வேண்டாம் என்று நின்ற இருவரில் ஒருவருக்கும் காரணம் இருந்தது. அவருடைய மாமியார் கிரைண்டர் சத்தம் கேட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். “சத்தம் கேட்டா இன்னும் ஓடத்தான் நினைப்பு வருது எண்டு சொல்லுவா” என்றார் அவர். இரண்டு காரணமும் நியாயமானவை. ஒன்று மற்றதைத் தள்ளிவைக்காமல் ஒரு வழி காண வேண்டியிருந்தது.

கணக்குப் பார்த்தோம்

ஓடாவியார் வீட்டுத் திண்ணையிலேயே கொப்பியை விரித்தோம்.

முதலாவது, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அந்த வருடம் ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. பின்னர் குறைந்தாலும், எப்போது கூடும் என்று எவராலும் சொல்ல இயலாது. கரண்ட் இல்லாத நாளில் மெசின் வெறும் இரும்பு. உளிக்கு வெளிச்சம் மட்டும் போதும்.

இரண்டாவது, கடன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடன் எமது மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2018இல் வடக்கு, கிழக்கு உட்பட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, கட்டமுடியாது நின்ற கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய நிலை வந்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் போடப்பட்டது. மெசின் வாங்கக் கடன் எடுத்தால், முதல் மத்து விற்குமுன் முதல் தவணை வந்துவிடும்.

மூன்றாவது, சந்தை. ஒரே மாதிரிப் பூப்போட்ட கதவைக் கணினி மெசினுடன் போட்டியிட்டு விற்க எம்மால் முடியாது. மத்தும் அச்சுக்கட்டையும் கையால் செய்த சிறு உருவங்களும் வேறு சந்தை. தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரின் கைக்கே உரிய வேலை என்பதுதான் அதன் பொருள். எமது நாட்டிலும் தேசிய அருங்கலைகள் பேரவை கைவினையாளரைப் பதிவு செய்கிறது, கண்காட்சிகளும் நடத்துகிறது. லக்சல போன்ற விற்பனை நிலையங்களும் கைவேலையைத்தான் தேடுகின்றன.

முடிவில் ஐவரும் சேர்ந்து எடுத்த தீர்மானம் இது. கடன் இல்லை. ஒவ்வொருவரும் நல்ல இரும்பில் நான்கு உளியும் ஒரு தீட்டுக்கல்லும் வாங்குவது. மரத்தைக் கரடாக வெட்டும் வேலையை இக்கரைப் பட்டறையில் கூலிக்குச் செய்விப்பது. குழுவின் சேமிப்பிலிருந்து ஒரேயொரு சிறிய சுழல் மெசின் வாங்கி, தோளில் காயமுள்ள சகோதரியின் பொறுப்பில் விடுவது. மற்றவர்களின் நுண்ணிய வேலைக்கு அவர் கூலி பெறுவார். மெசின், மாமியார் இருக்கும் வீட்டுக்கு எட்டத்தில், மாதர் சங்கக் கட்டடத்தில் இருக்கும்.

மெசினைத் தொடும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். முந்தானையும் சோலும் விரித்த தலைமுடியும் சுழலும் மெசினுக்கு அருகில் வரக்கூடாது. துணிக் கையுறையும் ஆபத்து, சுழலும் முனை அதைப் பிடித்துக் கையையும் இழுத்துவிடும். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 தடவை சுழலும். அதில் பல் வைத்த வாள் தட்டைப் பூட்டவே வேண்டாம், எகிறினால் முகத்துக்கோ தொடைக்கோதான் வரும். கண்ணாடி, முகக்கவசம், காதடைப்பான் மூன்றும் வேண்டும். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் நிற்காதீர்கள், வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்த பின்பே பிளக்கைப் போடுங்கள். முனை மாற்றும்போது பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் கிராமத்திலும் இந்தக் கேள்வி வரலாம். திட்டக்காரர் மெசின் தருவதாகச் சொன்னால், பழுதானால் திருத்துவது யார், கரண்ட் காசு கட்டுவது யார், அதைத் தூக்கவும் பிடிக்கவும் எமது உடலால் முடியுமா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். உளிதான் சிறந்தது என்று ஒருவர் சொன்னால், வேலை செய்யப்போகிறவரின் தோளையும் கையையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.